சிறுவாணித் தண்ணீரோடு தாம்பரத்துக்கு

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். என் கையெழுத்து கிரைண்டர் கல்லைக் கொத்திய மாதிரி இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். கோயம்புத்தூர்ப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவர்களில் இரண்டு மூன்று பேர் இப்போது குடும்பத்தோடு மெட்ராஸ் பக்கம் வரப்போகிறார்களாம். என்ன செலவாகும், சாமான்களை எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் நாங்கள் வந்த கதையை எழுதுகிறேன்.

1988-ல் எங்கள் முதலாளி தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் கிரைண்டர் கடை ஒன்று திறந்தார். விற்ற கிரைண்டர்களைப் பழுது பார்க்க என்னை அங்கே போகச் சொன்னார். குடிமாறும் செலவுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் போய், கிழக்குத் தாம்பரத்தில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டின் பின்பகுதியைப் பார்த்து வந்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாடகை முந்நூற்று ஐம்பது. ஒரு அறை, சமையல்கட்டு, கொல்லையில் கிணறு.

கிணறு என்று சொன்னதும் என் மனைவி ருக்குமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏனுங்க, என்ற தங்கச்சி கல்யாணத்துக்கு மெட்ராஸ் போனமே, அந்தத் தண்ணில போட்ட காப்பிய வாயில வெக்க முடிஞ்சுதுங்களா?"

"இது வேற தண்ணி" என்றேன்.

"எல்லாம் உப்புத் தண்ணிதானுங்க. ஸ்கூல் தொறக்கற வரைக்கும் இருந்து பாக்கறேன். முடியலீன்னா நானும் பாப்பாவும் சிங்காநல்லூர்ல எங்கண்ணன் ஊட்டுக்கு வந்துருவோம். நீங்க அங்க இருந்து சம்பாரிச்சு அனுப்புங்க."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அவளும் பாப்பாவும் இல்லாமல் தாம்பரத்தில் தனியாக இருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் எனக்குத் தோன்றிய வழி ஒன்றுதான். உக்கடம் பழைய சாமான் கடையில் நூற்றுப் பத்து ரூபாய்க்கு ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் வாங்கி, கழுவிக் காயவைத்து, அது நிறைய சிறுவாணித் தண்ணீர் பிடித்தேன். குடிக்கவும் காப்பிக்கும் மட்டும் என்றால் மூன்று வாரம் வரும். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும், பழகிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன்.

லாரி விஷயம் சொல்கிறேன். தனி லாரி பிடித்தால் இரண்டாயிரத்துக்கு மேல் கேட்பார்கள். மெட்ராஸிலிருந்து சரக்கு கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில், பாதி இடம் மட்டும் கேளுங்கள். புக்கிங் ஆபீஸில் இருந்தவர் என்னிடம் ஆயிரத்து இருநூறு சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சும்மா நின்றேன். ஆயிரம் என்றார். அப்போதும் நின்றேன். "சரியான கல்லுளிமங்கன் சார் நீங்க, எண்ணூத்தைம்பது, அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார். நான் பேரமே பேசவில்லை.

மே பதினெட்டு, விடியற்காலை நாலரை மணிக்கு லாரி கிளம்பியது. அடியில் மோட்டார் பம்ப் பெட்டிகள், மேலே எங்கள் கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகள், கடிகாரம். டிரம்முக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஆட்டுக்கல்லைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டோம். டிரைவர் கன்னியப்பனுக்குச் சொந்த ஊர் அனகாபுத்தூர். அன்றைக்கு அவருடைய கிளீனர் வரவில்லை.

"இன்னாக்கா இது டிரம்மு? எண்ணெயா?" என்று ருக்குமணியைக் கேட்டார்.

"தண்ணிங்க."

"மெட்ராஸுக்குத் தண்ணி எத்தினு போறீங்களா? ஊரே சிரிக்கப்போது."

"சிறுவாணித் தண்ணிங்க. ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க."

அவர் ஒரு டம்ளர் வாங்கி நின்றபடியே குடித்தார். "நல்லாத்தான்கீது" என்று வாயைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டார். ருக்குமணியும் பத்து வயது பாப்பாவும் அன்று இரவு ரயிலில் கிளம்பி, மறுநாள் காலையில் வந்து சேர்வதாக ஏற்பாடு.

கேபினில் உட்காரச் சொன்னார் கன்னியப்பன். புது மனிதரோடு நாள் முழுக்க என்ன பேசுவது என்று பயந்து, சாமான்களோடு மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அப்படி ஒரு பயணம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் மெத்தையில் என் தலையணையைப் போட்டுப் படுத்திருக்கிறேன். வீட்டுக்குக் கூரை மட்டும் இல்லை. அவிநாசி தாண்டியதும் வெளுக்க ஆரம்பித்தது. புளியமரங்கள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுப் போயின. கடிகாரம் பாத்திரங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. பீரோவின் கண்ணாடி என் பக்கம் பார்த்திருந்தது. அதற்குள் மெட்ராஸ் போகும் வழியில் வரப்போகிற மரங்கள். கண்ணாடிக்கு வெளியே, பின்னால் ஓடுகிற கோயம்புத்தூர் ரோடு. நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். பள்ளம் வந்தால் டிரம்முக்குள் தண்ணீர் களக் களக் என்று பேசும். ருக்குமணியே கூட வருகிற மாதிரி இருந்தது.

ஒன்பது மணிக்குச் சேலம். ஆத்தூரில் நான்கு இட்லி, ஒரு டீ, இரண்டு ரூபாய் எழுபத்தைந்து காசு. அதற்குப் பிறகு வெயில் ஏறிவிட்டது. தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிவிட்டேன். கனவில் தாம்பரத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்க்கிறேன். உள்ளே சிறுவாணி மலை தெரிகிறது.

முழித்தபோது லாரி நின்றிருந்தது. கள்ளக்குறிச்சி தாண்டிப் பத்து மைல் இருக்கும். இரண்டு பக்கமும் அறுத்த வயல், ஒரு வீடு இல்லை. முன்பக்கம் புகை போல ஆவி வந்தது. ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் மொத்தமும் ரோட்டில் போய்விட்டது. கன்னியப்பன் தூரத்தில் தெரிந்த ஒரு கிணறுவரை குடத்தோடு நடந்து போய், வெறும் குடத்தோடு திரும்பி வந்தார்.

"பேஜாராப் பூட்சு சார். கெணத்துல கல்லுதான்கீது."

ஹோஸின்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார். பிறகு நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். நானும் பார்த்தேன். பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு ருக்குமணி சிங்காநல்லூருக்கு ரயில் ஏறுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஆனால் லாரி இங்கேயே நின்றால் காலையில் அவள் வரும்போது வீட்டில் அடுப்புகூட இருக்காது. நான் மேலே ஏறி டிரம்மின் மூடியைத் திறந்தேன்.

"வேணா சார். அக்கா கொன்னுடும்."

"குடத்தைக் குடுங்க" என்றேன்.

டியூப் கட்டியும் ஒழுகல் நிற்கவில்லை. சில மைல் ஓடுவோம், நிற்போம், ஊற்றுவோம். ஊற்றுகிறபோதெல்லாம் வெள்ளையாக ஆவி எழுந்து வயலின் மேலே போகும். மலையில் பிறந்த தண்ணீர் இந்த வறண்ட ஊரில் மறுபடி மேகமாகப் போகிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊற்ற வசதியாக இருக்கட்டும் என்று நிரப்பிய குடத்தோடு நானும் கேபினுக்கு வந்துவிட்டேன்.

"எங்க வூட்டாண்ட ஆறு கீது சார்" என்றார் கன்னியப்பன். "மழை வந்தா கேக்காமக் கொள்ளாம வூட்டுக்குள்ள வந்துடும். மத்த நாள்ல கால் கழுவத் தண்ணி இருக்காது. நீ இன்னாடான்னா தண்ணிய லாரில வெச்சிக் கூட்டினு வர."

நான் சிரித்துவிட்டேன். அவர் என்னை நீ என்று சொன்னதும் எனக்குக் கூச்சம் போய்விட்டது. உளுந்தூர்பேட்டையில் புது ஹோஸ் மாட்டும்வரை பேசிக்கொண்டே வந்தோம். அங்கே டிரம்மைத் தட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு குடம் தேறும்.

விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. வண்டலூர் தாண்டியபோது இருட்டிவிட்டது. ரோட்டுக்குப் பக்கத்திலேயே மின்சார ரயில் ஒன்று விளக்குகளோடு கூட ஓடி வந்தது. எட்டரை மணிக்குத் தாம்பரம். மார்க்கெட்டில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய் பேசிச் சாமான்களை இறக்கினோம். மீதித் தண்ணீரை ஒரு குடத்தில் ஊற்றி, "இத்த நான் எறக்குறேன்" என்று கன்னியப்பனே தோளில் வைத்துக் கொண்டுபோனார்.

டார்ச் பிடித்து நின்ற ஸ்டெல்லா டீச்சர், "என்னப்பா, குடத்துக்கு மட்டும் ஸ்பெஷல் மரியாதை?" என்று கேட்டார்.

மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷனில் நின்றேன். சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து இருவரும் வந்தார்கள். இறங்கியதும் ருக்குமணி கேட்டது கட்டிலையோ கண்ணாடியையோ அல்ல.

"தண்ணி பத்தரமா வந்துச்சுங்களா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்குள் போய்க் குடத்தைப் பார்த்தாள். நடு வீட்டில் அடுப்பைப் பற்றவைத்து, பாலில் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டுப் பால் காய்ச்சினாள். பொங்கியதும் டீச்சருக்கு ஒரு டம்ளர், எங்களுக்கு ஆளுக்கு ஒன்று. மீதித் தண்ணீர் மூன்று நாளில் தீர்ந்தது. நான்காம் நாள் கிணற்றுத் தண்ணீரில் காப்பி போட்டு, பாதியைக் கொட்டினாள். அடுத்த நாளும் கொட்டினாள். பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, "பாப்பாவுக்கு யூனிபாரம் துணி எங்கீங்க கெடைக்கும்?" என்று கேட்டாள். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம்.

ஆனால் அவள் காப்பியைக் குடித்துவிட்டு முகம் சுளிப்பது மட்டும் உடனே நிற்கவில்லை. அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. 

போன மாதம் அவள் அண்ணன் பழனிச்சாமி வந்தார். தங்கச்சிக்காக ஐந்து லிட்டர் கேனில் சிறுவாணித் தண்ணீரை ரயிலில் தூக்கி வந்திருந்தார். ருக்குமணி கேனைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. உடனே காப்பி போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். தானும் ஒரு வாய் குடித்தாள். டம்ளரை உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல சர்க்கரை போட்டனா?"

"போட்டிருக்கே" என்றேன்.

"சப்புன்னு இருக்குதுங்க."

"சிறுவாணியவே சப்புன்னு சொல்றயா? நல்லாருக்குது போ" என்று பழனிச்சாமி சிரித்தார்.

நானும் குடித்துப் பார்த்தேன். சப்பென்றுதான் இருந்தது. ருக்குமணி எழுந்து போய்க் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, எங்கள் இருவருக்கும் வேறு காப்பி போட்டாள். திண்ணென்று இருந்தது. அவள் குடித்துவிட்டு, கேனைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

லாரி வாடகை எண்ணூற்று ஐம்பது, டிரம் நூற்றுப் பத்து, இறக்குகூலி ஐம்பது, ரயில் டிக்கெட் நூற்றுச் சொச்சம். முதலாளி கொடுத்த பணத்தில் மிச்சம்கூட இருந்தது. இப்போது நீங்கள் வந்தால் எல்லாமே இரண்டு பங்காகும். லாரி பதினாறு மணி நேரத்தில் வந்துவிட்டது. நாங்கள் வந்து சேர ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. அதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், எதை விட்டாலும் டிரம்மை ஏற்றிக்கொண்டு வாருங்கள். வழியில் லாரிக்காவது ஆகும்.

கிழக்குத் தாம்பரம்,
12 ஜூன் 1994, ஞாயிற்றுக்கிழமை