பனிமலையில் ஒரு தாய்மாமன் மடி

கும்மிடிப்பூண்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, தன் மகளுக்குக் காது குத்த நாள் குறித்துவிட்டு எனக்கு ஃபோன் செய்தபோது, நான் ஜெர்மனியில் இயந்திரங்களின் அதிர்வைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அதிர்வென்றால் என்னவென்று அந்த ஃபோனில்தான் புரிந்தது.

"டேய், பாப்பாவுக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். உன் மடியிலதான் உக்கார வெச்சிக் குத்தணும். எப்ப வர்ற?"

பரீட்சை நேரம், வர முடியாது என்றேன். வந்துபோக இதென்ன திருவள்ளூர்–சென்ட்ரல் மின்சார ரயிலா? அப்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள். தாய்மாமன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, எங்கள் பங்காளிப் பையன் ஒருவன் மடியில் வைத்துக் குத்திக்கொள்கிறோம் என்று அவள் மாமியார் சொல்லிவிட்டாராம். திருப்பாச்சூரிலிருந்து அப்பா சீர்த்தட்டோடு போவார்தான். ஆனால் தாத்தா மடி தாய்மாமன் மடி ஆகுமா? பிறந்த வீட்டு மடி இல்லாமல் அந்தக் காது குத்தப்பட்டால், இனி குழம்பில் உப்பு குறைந்தாலும் அதைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்.

"என் தம்பி உசுரோட கீறப்ப இன்னொருத்தன் மடியிலயா? நடக்காதுடா," என்றாள். அவளே ஒரு வழியும் வைத்திருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஃபிளெக்ஸ் பேனர் வந்து பேயாட்டம் ஆடிய காலம் அது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் காக்களூரிலிருந்து திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு வரை சிரித்த முகங்கள். கண்ணீர் அஞ்சலியிலும் செத்தவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

"உன்ன ஆளுயரத்துக்கு பேனர் அடிச்சி, நாற்காலி மேல போத்தி, அதுமேல பாப்பாவ உக்கார வெக்கப் போறேன். உக்காந்தாப்ல போட்டோ எடுத்து அனுப்பு. மடி நல்லாத் தெரியணும். கோட்டு போட்டுக்கோ. பின்னால பனி இருக்கணும்."

"பனி எதுக்குக்கா?"

"இன்னாடா கேள்வி இது? இல்லாங்காட்டி நீ மெய்யாலுமே ஃபாரின்லதான் கீறேன்னு எங்க அத்த எப்படி நம்பும்?"

அப்போது ஜூன் மாதம். நான் படித்த ஊரில் மருந்துக்குக்கூடப் பனி கிடையாது. மாணவர்களுக்கென்று ஒரு பஸ், சனிக்கிழமை கிளம்பி, மலையைத் தாண்டி இத்தாலிக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மலை என்ற ஒரு சொல்லை நம்பிச் சீட்டுப் பிடித்தேன். துணைக்கு என் அறைத்தோழன், சூலூர்ப்பேட்டைக்காரன். கும்மிடிப்பூண்டிக்குக் கூப்பிடு தூரம்தான். ஊரில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, இங்கே ஒரே குக்கரில் தின்றோம். கேமரா அவனுடையது. புளிச்சோறும் கம்பளிக் கோட்டும் என்னுடையவை.

மற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னலில் மூக்கை அழுத்திப் பனி தேடிக்கொண்டு வந்தேன். உச்சியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன். அந்த நேரம் பார்த்து பஸ் ஒரு சுரங்கப் பாதைக்குள் புகுந்துவிட்டது. மலையைத் தாண்டினேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் எலி மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தேன், அவ்வளவுதான். வெளியே வந்தால் இத்தாலி, மண்டையைப் பிளக்கும் வெயில்.

ஒரு ஏரிக்கரையில் இறக்கிவிட்டார்கள். ஐரோப்பாவே துணியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்திருந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். இங்கேயே எடுத்துவிடலாம் என்று தோழனிடம் சொன்னேன்.

"வோணாம் நைனா. தண்ணியும் கரையும்தான் தெரியுது. பூண்டி ஏரின்னுடுவாங்க," என்றான். அதுவும் சரிதான்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவின் மாமியார் முகம்தான் கண்முன் நின்றது.

மறுநாள் திரும்பும்போது சுரங்கத்தில் ஏதோ வண்டி பழுதாகி வழி அடைபட்டிருந்தது. டிரைவர் திட்டிக்கொண்டே பழைய மலைப்பாதையில் பஸ்ஸை ஏற்றினார். எல்லோரும் முனகினார்கள். நான் திருப்பாச்சூர் ஈஸ்வரனுக்கு அங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டேன்.

உச்சியில் கக்கூஸுக்கு நிறுத்தினார்கள். சிகரங்களை மேகம் மூடியிருந்தது. பனி என்று இருந்ததெல்லாம் கக்கூஸுக்குப் பின்னால் ஒரே ஒரு குவியல். வண்டி வைத்துத் தள்ளி ஒதுக்கியது, ஓரமெல்லாம் கறுப்பு. அதில் போய் உட்கார்ந்தேன். குளிர் பேண்ட்டைத் தாண்டி உச்சந்தலை வரை போனது.

"மடி, மடி! முட்டியச் சேத்து வெய்யி நைனா! கொயந்த உழுந்துடும்!" என்று தோழன் கத்தினான். கக்கூஸ் வரிசையில் நின்றவர்கள் குழந்தையைத் தேடினார்கள். உடம்பு சரியில்லையா என்று ஒரு பெண் அக்கறையாகக் கேட்டாள். இல்லை, இதன்மேல் என் அக்கா மகளை உட்கார வைத்துக் காதில் ஓட்டை போடப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவள் மரியாதையாக இரண்டடி பின்னால் போனாள். மீதி வழியெல்லாம் பிளாஸ்டிக் பை விரித்துத்தான் உட்கார்ந்து வந்தேன்.

படம் மின்னஞ்சலில் போனது. அத்தான் அதைத் திருவள்ளூரில் ஒரு பேனர் கடையில் கொடுத்தார். கடைக்காரர் பழக்க தோஷத்தில் என்னை இடுப்போடு வெட்டிவிட்டார். விழாவுக்கு முந்தின நாள் அக்கா போய்ச் சண்டை போட்டாள்.

"மடி எங்கய்யா?"

"எல்லாரும் மூஞ்சிதான்கா கேப்பாங்க. மடி கேட்டு யாரும் வந்ததில்ல."

அசல் படத்தை அழித்துத் தொலைத்திருந்தார்; மறுபடி அனுப்பச் சொல்லி வாங்க நேரமில்லை. ஆனால் தொழில் தெரிந்த மனுஷன். ஏதோ ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனரிலிருந்து உட்கார்ந்த வாக்கில் இரண்டு கால்களை எடுத்து எனக்கு ஒட்டிவிட்டார். பனி "டல்லா கீது" என்று ஓர் அருவியும் இரண்டு அன்னப் பறவைகளும் வைத்தார். மேலே ஜெர்மனிக் கோட்டு, கீழே கரைவேட்டி. கரையை மட்டும் அழிக்கச் சொன்னாளாம் அக்கா. அவள் மாமனார் எதிர்க்கட்சி.

ஆக, என் தம்பி உசுரோட கீறப்ப இன்னொருத்தன் மடியிலயா என்று கேட்டவள், கடைசியில் எவன் மடியிலோதான் மகளை உட்கார வைத்தாள்.

"ஜம்முனு முடிஞ்சிதுடா," என்றாள் ஃபோனில். "அத்த வாயே தொறக்கல. கோட்டு வாங்கினவனுக்கு ஒரு பேண்ட்டு வாங்க வக்கில்லியான்னு மட்டும் கேட்டுச்சி."

மீதியை அப்பாதான் சொன்னார். ஃபிளெக்ஸ் வழவழவென்று இருந்ததால் குழந்தை சறுக்கிச் சறுக்கி இறங்கியிருக்கிறது. "மாமா மடி வழுக்குதும்மா" என்று கத்த, பந்தலே சிரித்திருக்கிறது. அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று, இரண்டு கையாலும் மகளைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காதும் குத்தி முடிகிறவரை எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அப்புறம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். அதைக் கேட்டபோது, என்ன படிப்பு, என்ன ஜெர்மனி என்று இருந்தது.

படிப்பு முடிந்து ஊர் வந்ததும் நேராகக் கும்மிடிப்பூண்டிக்குத்தான் போனேன். மாமியார் என் பேண்ட்டை ஏற இறங்கப் பார்த்தார். காதில் தோடு மின்னப் பாப்பா கதவோரம் நின்றாள்.

"போ, மாமா மடியில உக்காரு," என்றாள் அக்கா.

பாப்பா கிட்டே வந்தாள். என் முட்டியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தாள். பிறகு திரும்பி, "அம்மா, நீ பின்னால வந்து புடிச்சிக்கோ," என்றாள்.

அக்கா வந்து பிடித்துக்கொண்டாள்.