ஜன்னலோரக் கிளாஸ்

எங்கள் பழைய சபைக்காரர்களைக் கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம் ஒரு சங்கடம் நடக்கும். யாராவது என்னைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டி, "அந்தக் காலத்துலயே அந்தப் பிள்ளைக்காக கமிட்டில பேச ஆளுகளத் தயார் பண்ணின டீச்சர் இவங்கதான்" என்பார்கள். நான் சிரித்து வைப்பேன். பந்தியில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன சொல்வது? இன்று வீட்டில் யாரும் இல்லை. நடந்ததை எழுதி வைத்துவிடுகிறேன்.

எழுபதுகளில் நாங்கள் ஆவடியில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, சபையின் ஞாயிறு பள்ளியும் என் பொறுப்பு. சபையில் பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள். கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம் பாய் விரித்து உட்காருவோம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசையாக முன்னே போய் முழங்காலிடுவோம். போதகர் அப்பத்தைக் கொடுத்துவிட்டு, திராட்சரசம் இருக்கும் வெள்ளிப் பாத்திரத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே நகருவார். எல்லோருக்கும் ஒரே பாத்திரம்தான். அதுதான் அழகு என்று ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

கல்யாண வீடுகளில் சொல்லும் அந்தப் பிள்ளை, குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் வளர்ந்தவள். இருபது வயதுவரை ஆண்கள் பக்கத்தில், பாடகர் குழுவில் நின்று பாடியவள். பிறகு ஒரு நாள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். இரண்டு வருஷம் கழித்துப் புடவையோடு வந்து நின்றாள். குமணன்சாவடியில் தன்னைப் போன்ற மூன்று பேரோடு வீடு எடுத்து இருப்பதாகச் சொன்னாள். இன்று திருநங்கை என்கிறோம். அன்று எங்கள் வாயில் அந்தச் சொல் இல்லை. இருந்த சொற்களை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வருவாள். உள்ளே விடவில்லை என்று சொல்ல முடியாது, யாரும் தடுக்கவில்லை. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழும். அதனால் அவளாகவே வராந்தாவில், செருப்புகள் விடும் இடத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய அம்மா பெண்கள் பக்கத்தின் கடைசிப் பாய்க்கு இடம் மாறிக்கொண்டார். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர். பாட்டு ஆரம்பித்தால் வெளியிலிருந்து அவள் குரல்தான் முன்னால் போகும், உள்ளே குழு அதன் பின்னால் இழுபடும். பாடுவதற்கு மட்டும் அவள் எங்களுக்கு வேண்டியவளாக இருந்தாள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து திரும்பியிருந்தார். அந்த அம்மா இருக்கும்போதே, திருவிருந்தில் அவர் பக்கத்தில் முழங்காலிட வேண்டும். அவ்வளவுதான். போதகர் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். "எனக்கு ஆட்சேபணை இல்ல, சபைக் கூட்டத்துல பேசி கமிட்டி சம்மதிக்கட்டும்" என்றார். கமிட்டியில் எல்லோரும் ஆண்கள். கூட்டத்தில் பெண்கள் பேசலாம் என்று விதியில் இருந்தது, பேசிய பழக்கம்தான் இல்லை.

நான் பேச வைக்கிறேன் என்று கிளம்பினேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, எதையும் பாடமாக்கிச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்த வயது. ஐந்து பெண்களைச் சேர்த்தேன். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டு முன்னறையில் பயிற்சி. ஆட்சேபணைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டேன். ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். நான் கணவரின் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சபைச் செயலாளர் மாதிரி கேட்பேன். அவர்கள் ஒரு வசனமும் அதற்கு ஒரு விளக்கமும் சொல்ல வேண்டும். ஆண் என்றோ பெண் என்றோ ஊர் கணக்கில் எடுக்காத அண்ணகர்களைப் பற்றி வேதத்தில் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டு, அதிகாரமும் வசன எண்ணும் எழுதிக் கொடுத்திருந்தேன். எண் தப்பினால் ஸ்கேலால் மேஜையைத் தட்டுவேன். வயதில் என்னைவிட மூத்த நர்ஸ் அக்காகூட என் ஸ்கேலைப் பார்த்து நடுங்கினார்.

நாலு பேர் நன்றாகத் தேறினார்கள். ஐந்தாமவள் கரையான்சாவடிக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் பெட்டி கட்டும் வேலை. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவளும் இல்லை, கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றவள். அவள் தலையில் ஒரு வசனமும் நிற்கவில்லை.

"டீச்சர், இந்த நம்பர்லாம் மண்டைல நிக்க மாட்டேங்குது. நான் சும்மா சொல்றேனே."

"சும்மான்னா என்ன சொல்வே?"

"அவங்க அம்மா பக்கத்துல அது குந்திகினு போவட்டுமே, உங்களுக்கு இன்னா நோவுதுன்னு கேக்குறேன்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. இப்படிப் பேசினால் செயலாளர் ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிடுவார் என்று சொன்னேன். கூட்டத்துக்கு அவள் வரவேண்டாம் என்றும் அன்றே சொல்லிவிட்டேன். "சரி டீச்சர்" என்று போய்விட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை, நாங்கள் பயிற்சியில் இருக்கும்போது, யாருக்காகப் பேசப் போகிறோமோ அவளே வந்தாள், நன்றி சொல்ல. புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். எனக்கு அதில் பெருமை என்றுகூடச் சொல்லலாம். காபி போட்டேன். எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவளுக்கு, சமையலறை ஜன்னலோரத்தில் இருந்த கண்ணாடிக் கிளாஸ். சாக்கடை சுத்தம் செய்ய வருகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கவென்று தனியே வைத்திருந்தது. யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கை தானாக அங்கே போனதுதான் விஷயம். அவள் குடித்து முடித்ததும் கழுவி மறுபடி ஜன்னலோரத்திலேயே கவிழ்த்தேன். அதற்குப் பிறகு உட்கார்ந்து, எல்லோரும் ஒரே சரீரம் என்ற பாடத்தை இன்னொரு முறை ஒப்பிக்க வைத்தேன்.

கூட்டம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலிலேயே நடந்தது. அவள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். அம்மா எங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் பெண்கள் பிரமாதமாகப் பேசினார்கள், அதை மறைக்கக் கூடாது. தையல் வேலை செய்யும் தங்கச்சி எழுந்து ஒரு எண் பிசகாமல் சொன்னாள். நர்ஸ் அக்கா சொன்னபோது ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்துத் தலையாட்டினார்கள். போதகர் முகத்தில் தெம்பு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

செயலாளர் எழுந்தார். தொழிற்சாலையில் ஃபோர்மேன். கொட்டகையாக இருந்த இந்தக் கோயிலை நின்று கட்டியவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை, அன்றும் போடவில்லை.

"எல்லாரும் நல்லாப் பேசுனீங்க. வசனத்துக்கு நான் எதிர் பேசல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நம்ம கோயில்ல ஒரே பாத்திரம். அவ குடிச்ச பெறகு, அடுத்தால அதே பாத்திரத்த வாங்கி யாரு குடிப்பீங்க? குடிக்கிறவங்க கையத் தூக்குங்க. ஒரு கை போதும், நான் கையெழுத்துப் போடுதேன்."

டப்பாவில் இந்தச் சீட்டு இல்லை.

என் நாலு பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். டீச்சர் தூக்கினால் தூக்குவோம் என்ற பார்வை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் நர்ஸ் அக்கா கண்ணைத் தாழ்த்திய விதத்தில் எனக்கு விளங்கியது. அவர்கள் என் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்திருந்தார்கள். என் கை மடியிலேயே கிடந்தது. தூக்க வேண்டும் என்று நினைத்தேன், தூக்கப் போகிறேன் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆண்கள் பக்கத்தில் என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. அவளுடைய அம்மா. உடம்புக்கு முடியாதவர், இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தூக்கியிருந்தார்.

"நீங்க எறக்கிக்கிடுங்கம்மா" என்றார் செயலாளர், பிரியமாகத்தான். "பெத்தவ தூக்கத்தான செய்வீங்க. அது கணக்குல வராது."

அந்த அம்மா கையை இறக்க வெகுநேரம் ஆனது. விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்கள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து கரையான்சாவடிக்காரி நேரே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இன்னா டீச்சர், கையத் தூக்குறதுக்கு இன்னா வசனம் வோணும்?"

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"நானும் அதுவும் ஒரே பஸ்சுல வந்துகினு போறோம். என் சொம்புத் தண்ணியத்தான் அதுவும் குடிக்கிது. நான் வந்திருந்தா தூக்கிருப்பேன். நீதான் வரவேணாம்னுட்ட."

எப்போதும் 'நீங்க' என்றுதான் என்னிடம் பேசுவாள். அன்று 'நீ' என்றாள். எனக்கு அது சரியென்றே பட்டது. செயலாளர் கேட்டது ஒரே ஒரு கை. அந்தக் கையை வீட்டிலேயே இருக்கச் சொன்னவள் நான்.

அந்த வாரக் கடைசியில், வராந்தாவில் உட்காருகிறவளும் வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன், போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெயிலில் வந்ததால் தண்ணீர் கேட்டாள். நான் அவசரமாக எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். அதற்குள் அவள் சமையலறை வாசல்வரை வந்து, ஜன்னலோரத்திலிருந்து அந்தக் கண்ணாடிக் கிளாஸை எடுத்துவிட்டாள்.

"இதுலயே ஊத்துங்க டீச்சர்."

"ஐயோ, வேண்டாம்மா. இந்த டம்ளர்ல குடி."

"இருக்கட்டும், இது என் கிளாஸ்தான?" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், குத்திக்காட்டும் தொனியே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நான் ஒண்ணு யோசிச்சேன் டீச்சர். கோயில்லயும் இதே மாரி எனக்குன்னு ஒரு கிளாஸ் தனியா வெச்சுட்டா யாருக்கும் கஷ்டமில்லையே. அம்மா பக்கத்துல முட்டி போட்டா எனக்குப் போதும். நீங்க கேட்டுச் சொல்றீங்களா?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். பிறகு நான் போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இன்று தோன்றுகிறது, கேட்காமல் இருந்திருந்தால் மகள் பக்கத்தில் முழங்காலிடாமலே அந்த அம்மா போய்ச் சேர்ந்திருப்பார் என்றும் தோன்றுகிறது. இரண்டில் எது சரி என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியவில்லை. செயலாளர் நின்ற இடத்திலேயே சம்மதித்தார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாமே டீச்சர்" என்றார். இதைத்தான் என்னுடைய வெற்றி என்று கல்யாண வீடுகளில் சொல்கிறார்கள்.

அடுத்த முதல் ஞாயிறு அவள் பெண்கள் பக்கம் வந்தாள். கடைசி வரிசையில், சுவரோரமாக அம்மா, அவருக்கு அடுத்து அவள். நான் அவர்களுக்கு முந்தின வரிசையில் குடித்துவிட்டு எழுந்து பாய்க்குத் திரும்பியிருந்தேன். போதகர் அப்பத்தைக் கொடுத்தார். பாத்திரத்தை அம்மாவின் வாயருகே கொண்டுபோனார். அந்த அம்மா வாயைத் திறக்கவில்லை. தலையை அசைத்தார். போதகருக்குப் புரியவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தட்டில் தனியே இருந்த சின்னக் கிளாஸை எடுத்து மகளிடம் கொடுத்தார். அவள் குடித்தாள். பாதி குடித்திருக்கும்போது அம்மா கையை நீட்டி அந்தக் கிளாஸை வாங்கி மீதியைக் குடித்தார்.

என் வாயில் பொதுப் பாத்திரத்து ரசத்தின் புளிப்பு இன்னும் இருந்தது.