எதற்கென்று கேட்காத மன்னிப்பு

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் தொடங்கிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை சாயங்காலம், என் தம்பி மனைவி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தனியாக வந்தாள். அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் தம்பி இல்லாமல், பிள்ளைகள் இல்லாமல், ஒரு பையில் எதையாவது திணித்துக்கொண்டு வராமல் அவள் எங்கள் வாசலில் நின்றதில்லை. அன்று கையில் ஒரு குடை மட்டும் இருந்தது.

நான் பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவி, ஆயத்த ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் கோவிலில் திருவிருந்து என்றால் முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்கு ஒரு சின்ன ஆராதனை உண்டு. அப்பமும் திராட்சரசமும் வாங்குவதற்கு முன்னால் மனசைக் கூட்டிப் பெருக்கி வைக்க வேண்டும். யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லையென்றால் அன்றைக்கே போய்ப் பேசிவிட வேண்டும். அப்படிப் பேசாமல் போய் முழங்கால் போட்டால் ஆக்கினை, கடவுளின் தண்டனை என்று சின்ன வயதிலேயே பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் எங்கள் ஆட்கள் மாதம் முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தாலும் திருவிருந்துக்கு முந்தின நாள் மட்டும் தெருத்தெருவாக ஒருவரையொருவர் தேடி அலைவார்கள். திங்கட்கிழமை சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறவர்களும் உண்டு.

ஆனால் எனக்கும் அவளுக்கும் சண்டையே கிடையாது. அதுதான் விஷயம்.

"உள்ள வா. நான் லெந்துக்கு டீயை விட்டிருக்கேன், உனக்குப் போடுதேன்" என்றேன்.

"இருக்கட்டும் மதினி. நீங்க என்ன மன்னிக்கணும்."

"எதுக்குட்டி?"

"அத மட்டும் கேக்காதீங்க. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். அத்தை போனதிலருந்து நான் திருவிருந்து எடுக்கல. எல்லாரும் எந்திச்சுப் போவாங்க, நான் பெஞ்சுலயே உக்காந்திருப்பேன். நாளைக்காவது எடுக்கணும் மதினி."

அத்தை என்று அவள் சொன்னது என் அம்மாவை. அம்மா போன ஆடியில் அவர்கள் வீட்டில்தான் காலமானாள்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வாசலில் நின்று ஒருத்தி அழும்போது நாம் என்ன செய்வோம்? "மன்னிச்சிட்டேன்" என்றேன். கல்யாண வீட்டில் சாப்பிட்டீர்களா என்று கேட்பவரிடம் ஆச்சு என்று சொல்கிற மாதிரி சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வாரேன் மதினி, எங்க கோவில்லயும் ஆயத்தம் ஆரம்பிச்சிருவாங்க" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

கோவிலில் போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எதை மன்னித்தேன்?

எங்கள் போதகரான ஐயர் பீடத்தின் முன் நின்று, ஒவ்வொருவரும் தங்களைத் தாங்களே சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் அவளைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவ அறிக்கை சொல்லும்போது வாய் எல்லாரோடும் சேர்ந்து போயிற்று, மனசு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா படுத்திருந்த அறையில் சுற்றியது. அம்மாவுக்கு நேரத்துக்கு மாத்திரை கொடுக்கவில்லையோ? கஞ்சி கேட்டு அழுதபோது அதட்டிவிட்டாளோ? கை ஓங்கிவிட்டாளோ? கடைசியாக நினைத்ததுதான் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அம்மா என்னைத் தேடியிருக்கிறாள், இவள் வேண்டுமென்றே தாமதமாகச் சொல்லியிருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்த சாயங்காலம் அம்மாவுக்கு மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. இரண்டு நாளில் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிறு. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். என் வரிசை வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த அக்கா முழங்கையால் இடித்தாள். தலைவலி என்றேன். டீயை விட்டதால் தலைவலி இருந்ததும் உண்மைதான். அதே நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தம்பி மனைவி எழுந்து போயிருப்பாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

என் வீட்டுக்காரர் மில்லில் பிட்டர். லெந்து நாட்களில் கறி சாப்பிட மாட்டார், முட்டை கறியில் சேராது என்று நாற்பது நாளும் வாதாடுவார். அவரிடம் சொன்னேன்.

"கதவத் தொறந்து விட்டுட்டு, உள்ள போனது யாருன்னு கேக்கியாக்கும்" என்றார்.

"அவ அழுதா. என்ன செய்யச் சொல்லுதிய?"

"அப்போ விட்டுரு. மன்னிச்சாச்சுல்லா."

"எதன்னு தெரியாம எப்படி விட?"

"தெரிஞ்சா மட்டும் விட்டுருவியாக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்கு முட்டை வைக்கவில்லை.

ஐயரிடமும் கேட்டேன். ஆராதனை முடிந்து அவர் அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். தெரியாமல் கொடுத்த மன்னிப்பு செல்லுமா என்று கேட்டேன்.

"கடவுள் நம்மை மன்னிக்கும்போது விவரம் கேட்டுக்கிட்டா மன்னிக்கிறார் அம்மா?"

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே ஐயா. எனக்குத் தெரியலியே."

அவர் சிரித்துவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவருடைய போன் அடித்தது. சைகையில் ஜெபம் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, அவள் என்ன செய்தாள் என்று எனக்குக் காட்டும் என்று ஜெபம் பண்ணினேன். மனந்திரும்ப வேண்டிய நாட்களில் துப்பறிகிற வேலை பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. அடுத்த மாதத் திருவிருந்துக்கும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்கு எதையாவது சாக்கு வைத்துப் போன் போடுவேன். "அவ எப்படி இருக்கா?" என்று கேட்பேன்.

"நல்லாருக்கா. இப்பம்லாம் பாட்டுப் பாடிட்டே சமைக்கா. என்ன, ரெண்டு பேருக்கும் ஏதும் ரகசியமா, அக்கா?" என்றான்.

அவள் பாட்டுப் பாடிக்கொண்டு சமைக்கிறாள். இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லா இருக்கிறதே நியாயம் என்று நினைத்தேன். பாவத்தை அறிக்கையிட்டவளுக்குச் சமாதானம், மன்னித்தவளுக்கு வயிற்றெரிச்சல். எங்கேயோ எதுவோ தலைகீழாகப் போய்விட்டது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் வந்தது. அன்று சாயங்காலம் எங்கள் கோவிலில் திருவிருந்து. வருஷத்தில் எதைத் தவறவிட்டாலும் அதை நான் தவறவிட்டதில்லை. கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். இன்றைக்குக் கேட்டுவிடுவது, கேட்டுத் தெரிந்த பிறகு மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது. இதுதான் என் திட்டம். பஸ் ஊருக்குள் நுழைந்து கோபுரம் தெரிந்தபோது, வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தையைத் திருப்பி வாங்க அரை மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறேனே என்று தோன்றியது. இறங்கத்தான் செய்தேன்.

அவள் வீட்டில் கூடத்து நடுவில் ஒரு சாக்கை விரித்து, பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பெரிய வெள்ளிக்கிழமை, மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை முடிந்ததும் அவர்கள் கோவிலில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். அதற்கான பூண்டு. தம்பி வேலைக்குப் போயிருந்தான். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் உரித்தோம்.

"நான் சொன்னது சொன்னதுதான்" என்று ஆரம்பித்தேன். அது பொய். "ஆனா எதுன்னு எனக்குத் தெரியணும். தெரியாம என்னால முழங்கால் போட முடியல. ரெண்டு வாட்டி பெஞ்சுலயே இருந்துட்டேன்."

அவள் கை நின்றது. "நீங்களா மதினி?" என்றாள். அவள் முகம் செத்துப்போயிற்று. "என்னாலயா?"

"சொல்லு."

அவள் பூண்டுத் தோலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க வந்து சேந்த அன்னைக்கு மத்தியானம் எங்க ஐயர் வீட்டுக்கு வந்து அத்தைக்குத் திருவிருந்து குடுக்கதா இருந்துச்சு. அத்தை வாங்க மாட்டேன்னுட்டாங்க. எம்மககிட்ட மன்னிப்புக் கேக்காம வாங்க மாட்டேன், அவள வரச் சொல்லுன்னு அழுதாங்க. உங்களுக்குப் போன் போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

கம்பெனியில் உள்ளே போகும்போது போனை வாசல் கேட்டிலேயே வைத்துவிட வேண்டும். அவளுடைய மிஸ்டு கால்களைச் சாயங்காலம் வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஓடினேன்.

"ஐயர் அப்பத்த வச்சிக்கிட்டு நிக்காரு. அத்தைக்குக் கண்ணும் சரியாத் தெரியல. என் கையப் பிடிச்சு, வந்திட்டியாம்மான்னு கேட்டாங்க. நான்..." ஒரு பூண்டுப் பல்லை எடுத்துத் தோலைக் கிள்ளினாள். "ஆமாம்மான்னுட்டேன். நான் அவங்கள அம்மான்னு கூப்பிட்டதே இல்லல்லா, அதனால நீங்கதான்னு நம்பிட்டாங்க. என்ன மன்னிச்சிரு தாயின்னாங்க. மன்னிச்சிட்டேம்மான்னேன். பொறவுதான் வாயத் தொறந்து வாங்கினாங்க."

"எதுக்குன்னு சொன்னாளா?"

"சொல்லல. நானும் கேக்கல. கேட்டா நான் நீங்க இல்லன்னு தெரிஞ்சிரும். மகளுக்குத்தான் எதுக்குன்னு தெரியுமே." மூக்கை உறிஞ்சினாள். "அது உங்க வார்த்த மதினி. நான் எடுத்துச் சொல்லிட்டேன். அதுவும் திருவிருந்துக்கு முன்னால நின்னு பொய். உங்ககிட்டச் சொன்னா என்ன வெறுத்துருவீங்கன்னு பயம். இப்பம் சொல்லிட்டேன். வேணும்னா நீங்க மன்னிச்சதத் திருப்பி வாங்கிக்கங்க."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். அம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தவள் நான். பத்தாவதோடு என் பள்ளிக்கூடத்தை நிறுத்தினாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள. என் தலைப்பிரசவத்துக்கு வரவில்லை. கடைசிக் காலத்தில் என் வீட்டில் ஒரு வாரம்கூடத் தங்க மாட்டேன் என்றாள். இதில் எதற்குக் கேட்டாள்? எல்லாவற்றுக்குமா? இல்லை, எனக்குத் தெரியவே தெரியாத வேறு ஏதாவதா? ஒரே ஒரு தடவை அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருக்கிறது. அது என் காதில் விழவில்லை.

நான் பூண்டை உரித்துக்கொண்டே இருந்தேன். நகக்கண் எரிந்தது. கிளம்பும்போது அவள் வாசல் வரைக்கும் வந்தாள்.

"மதினி, ஒண்ணே ஒண்ணு. அத்தை கேட்டதுக்கு நீங்க உங்க வாயால ஒரு வாட்டி சொல்லிருங்க. நீங்க சொல்லிட்டா, நான் அன்னைக்குச் சொன்னது பொய்யா இருக்காது."

"பாக்கேன்" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வெயில் முகத்தில் அடித்தது. அந்த மத்தியானம் போன் என் கையில் இருந்து, நான் ஓடிப்போய் அம்மாவின் கட்டிலருகில் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். என்னை மன்னிச்சிரு தாயி என்று அம்மா சொல்லியிருப்பாள். நான் என்ன சொல்லியிருப்பேன்?

எதுக்கும்மா என்று கேட்டிருப்பேன்.

நிச்சயமாகக் கேட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்கா, பிரசவத்துக்கா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டு, அவள் வாயால் சொல்ல வைத்திருப்பேன். ஐயர் அப்பத்தை ஏந்திக்கொண்டு நின்றிருப்பார். நான் கேட்டு முடிப்பதற்குள் அம்மாவுக்குப் பேச்சு நின்றிருக்கும். என் தம்பி மனைவி சொன்ன பொய்யால் அம்மா திருவிருந்து வாங்கிவிட்டுப் போனாள். இதற்கு நன்றி சொல்வதா, சண்டை போடுவதா? ராஜபாளையம் வந்து இறங்கும்வரை எனக்குப் பிடிபடவில்லை. இன்றைக்கும் பிடிபட்டது என்று சொல்ல மாட்டேன்.

சாயங்காலம் கோவிலில் என் வரிசை வந்தது. பக்கத்து அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்தேன். மனசு சுத்தமாகிவிட்டதா என்று கேட்டால் இல்லை, பாதிக்கு மேல் குழப்பம்தான். அந்தக் குழப்பத்தோடுதான் போய் முழங்கால் போட்டேன். கையை ஏந்தினேன், விரலில் இன்னும் பூண்டு வாசம் இருந்தது. ஐயர் ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"மன்னிச்சிட்டேம்மா" என்றேன்.

மனசுக்குள் சொல்வதாகத்தான் நினைத்தேன். சத்தமாகவே வந்துவிட்டது. ஐயர் கை ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு அப்பத்தை என் உள்ளங்கையில் வைத்தார். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.