ஃபோனியும் பதினொன்றாவது பொய்யும்

எங்கள் அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சக ஊழியர்களைப் பற்றிப் பெயர் போடாமல் எழுத வேண்டும். என்னைப் பற்றியவை ஒரு புதன்கிழமை வந்தன. நான்கு பாராட்டுகள். ஐந்தாவதாக ஒரே ஓர் ஆங்கிலச் சொல்: ஃபோனி. மனதில் ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுகிறவர்.

கோபப்படுவதற்கு முன் சொல்லின் மூலத்தைத் தேடினேன். உறுதியாகத் தெரியவில்லையாம். பலரும் சொல்வது, மோதிரத்தைக் குறிக்கும் ஓர் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது என்பதே. முலாம் பூசிய பித்தளை மோதிரத்தைத் தெருவில் போட்டு, வழிப்போக்கர் எதிரில் கண்டெடுப்பதுபோல் எடுத்து, தங்கம் என்று அவர் தலையில் கட்டுவார்களாம்.

நான் மோதிரம் விற்றதில்லை. இருந்தாலும் அந்த வாரம் மனதில் இல்லாமல் சொன்னவற்றைப் பட்டியல் போட்டேன். பதினொன்று. பத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மேலாளரின் ஜோக்குக்குச் சிரித்ததும் அதில் சேர்த்தி.

பதினொன்றாவது அப்படியல்ல. விவேக் நகரில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவள் எங்கள் குழுவில் புரொபேஷனில் இருந்தாள். வேலை நிரந்தரமாவது வெள்ளிக்கிழமை அவள் வாடிக்கையாளருக்குக் காட்டும் மென்பொருள் டெமோவைப் பொறுத்தது. செவ்வாய்க்கிழமை குழுவில் எங்கள் எல்லாருக்கும் செய்துகாட்டினாள். டெமோவுக்கு முன் குறை சொல்வது எங்கள் குழுவில் வழக்கமில்லை. 'சூப்பர்' என்றேன்.

வியாழன் மாலை சமையலறையில் சொன்னேன். "உன் டெமோல மூணு இடம் சரியில்ல."

வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "இன்னாக்கா, சூப்பர்னீங்க?"

"சும்மா சொன்னேன்."

"குரூப்ல எல்லாரும்தான் சொன்னாங்க. அவங்களும் சும்மாவா?"

"தெரியல. என்னோடது மட்டும்தான் தெரியும்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் கிடைச்சிருக்குமே."

கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். "எந்த மூணு? சொல்லுங்க. அழமாட்டேன்."

சொன்னேன்: அறிமுகமே பத்து நிமிடம் போகிறது. தரவெல்லாம் கற்பனை என்று பார்த்தவுடன் தெரிகிறது. இரண்டாவதிலேயே அழுதாள். இணையம் மெதுவானால் திரை உறைந்துவிடுகிறது என்றதும், "அது எனக்கே தெரியும்" என்றாள்.

முதல் இரண்டைச் சரிசெய்ய முடிந்தது. வெள்ளிக்கிழமை திரை உறைந்தது. "இது இன்னும் முடியவில்லை, அடுத்த வாரம் தருகிறேன்" என்று வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்லிவிட்டாள். முடிந்ததும் குரூப்பில் ஏழு சூப்பர்கள் விழுந்தன. எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி: "நீங்க சொல்லுங்க. எப்படி?"

இரண்டு முறை எழுதி அழித்தேன். "ரொம்ப வேகமா பேசின. மத்தது நல்லா இருந்துச்சு."

"சரிக்கா" என்று வந்தது. வேலை உறுதிக் கடிதம் இன்னும் வரவில்லை.