பனிக்காட்டு மனிசனின் காய்ச்சல்

எங்கள் மகள் ஸ்டெபனி ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் இங்கிலிசில் சொல்வதை எங்கள் சனத்துக்குத் தமிழில் சொல்லுவாள். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அதுதான் அந்த வேலையின் சட்டம். கெட்ட செய்தியையும் அவள் மறைக்காமல், மெதுவாகச் சொல்லுவாள் என்று பூசை முடிந்து வரும்போது என்னிடம் சொன்னவர்கள் உண்டு.

இந்த வேலையை அவள் ஒன்பது வயதிலேயே தொடங்கிவிட்டாள். அப்போது நாங்கள் இரண்டு பேரும் கனடாவுக்கு வந்து, டோர்செட் பார்க்கில், பத்தாம் மாடியில் இருந்தோம். அவளுடைய அப்பா யோசப் ஊரில், மன்னாரில் சண்டைக்குள் அகப்பட்டுப்போனார். எட்டு மாதமாக ஒரு செய்தியும் இல்லை. பின்னேரங்களில் நான் சமைக்க, ஸ்டெபனி பக்கத்தில் இருந்து லைப்ரரிப் புத்தகத்தைத் தமிழாக்கி வாசிப்பாள். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படம் மட்டும் பார்ப்பேன்.

கதையில் அப்பா பனிப்புயலுக்குள் மருந்து வாங்கப் போகிறார்.

“திரும்பி வந்தவரோ?”

“வந்திட்டார் அம்மா.”

அதற்குப் பிறகு வந்த படங்களில் மனிசிதான் ஏர் பிடிக்கிறாள். மனிசிதான் கூரையில் ஏறி நிற்கிறாள்.

“மனிசன் எங்கை பிள்ளை?”

“அவருக்குக் காய்ச்சல். படுத்திருக்கிறார்.”

அந்த மனிசனுக்கு வருடம் முழுக்கக் காய்ச்சல். நான் மேலே கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து யோசப்பைப் புனித அந்தோனியார் எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

போன மாதம், பழைய புத்தகம் விற்கிற இடத்தில் ஸ்டெபனிக்கு அதே புத்தகம் கிடைத்தது. ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துச் சிரித்து வாசித்தாள். பனிப்புயல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டாள்.

“இதோட விடுவம் அம்மா.”

“ஏன், அவருக்குக் காய்ச்சல் தொடங்கப்போகுதோ?”

அவள் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு அப்பவே தெரியுமே?”

“படத்தில கட்டிலும் கிடந்தது பிள்ளை. அதில ஒருத்தரும் படுத்திருக்கேல்லை.”

“அப்பாவும் வராட்டி நீங்கள் என்ன செய்வீங்களோ எண்டு எனக்குப் பயம்.”

“தெரியும். இப்ப உன்ர வேலைச் சட்டப்படி வாசி.”

வாசித்தாள். அந்த மனிசன் வரவில்லை. பனி கரைந்த பிறகு, மனிசியும் அவளுடைய சின்ன மகளும் கோதுமை விதைத்தார்கள், மாட்டுக்குக் கொட்டில் கட்டினார்கள். முந்தி ஸ்டெபனி இந்த வேலை எல்லாவற்றையும் காய்ச்சல் இடைக்கிடை விட்ட மனிசன் தலையில் கட்டியிருந்தாள். தாயும் மகளும் பட்ட பாட்டை நான் இப்போதுதான் முதன்முதல் கேட்கிறேன். வரிக்கு வரி விரல் வைத்து வாசித்தாள். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இப்படித்தான் நிற்பாளாக்கும். என் நெஞ்சு நிறைந்துபோனது.

யோசப் தேத்தண்ணியோடு வந்தார்.

“அந்த ஆள் வரேல்லையோ?”

“இல்லை அப்பா.”

அவர் கோப்பைகளை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார்.

“பிறகு அதுகள் ரெண்டும் என்ன செய்ததுகள்? விடாமல் வாசி.”