பக்கத்து ஊர் விலை

அதியமான்கோட்டைச் சாலையோரம் வேலியில் படங்களை மாட்டி விற்றுக்கொண்டிருந்தார் அந்த ஓவியர். மூக்குக்கண்ணாடியில்கூட நீலப் பெயின்ட். வத்தல்மலையில் மழை பெய்யும் படத்துக்கு விலை கேட்டேன்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"எதுக்குங்க?"

"பெங்களூருன்னா எட்டாயிரம். அப்புறம் நான் அதைப் பாக்கவே முடியாதுங்களே. பக்கத்து ஊருன்னா மூவாயிரம். எப்பவாச்சும் வூட்டுக்கு வந்து பாத்துக்குவேன்."

கலையை மதிக்கும் பெங்களூர்வாசியான நான், இண்டூரிலுள்ள மச்சினன் வீட்டு முகவரியைக் கொடுத்து மூவாயிரத்துக்கு வாங்கிவந்தேன்.

அடுத்த மாதம் மச்சினன் போன் செய்தான். "மாமா, ஓவியர் ஒருத்தரு படத்தைப் பாக்கணும்னு பஸ் ஏறி வந்தாருங்க. நீங்க பெங்களூருன்னு சொல்லிட்டேன்."

"திட்டினாரா?"

"இல்லீங்க. வெயில் படாத சுவத்துல மாட்டச் சொன்னாரு."

அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். மனுஷன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.