புள்ளியம்மா எந்தக் கூட்டம்?

கோவை வட்டாரத்தில் ஆடு வளர்ப்பில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது.

பொய். பீளமேட்டில் மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். ஒரு கோழியைக்கூட வளர்த்ததில்லை. ஆடெல்லாம் கம்ப்யூட்டர் கேமுக்குள்... பனிக்காட்டில் ஆறு பேரைக் குடியேற்றி, பட்டினியில் சாகாமல் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் கேம்.

ஆட்டுப்பால்தான் அவர்களுக்குச் சோறு. ஆனால் நெருங்கிய சொந்தத்தில் ஜோடி சேர்த்தால் குட்டி நோஞ்சானாகப் பிறந்து செத்துப்போகும். யாருக்கு யார் என்ன உறவென்று எழுதி வைத்தாக வேண்டும்.

எட்டாவதைத் தாண்டாதவன் சயின்ஸுக்கு எங்கே போவேன்? எனக்குத் தெரிந்த சயின்ஸ் ஒன்றே ஒன்று. எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வந்தால் முதல் கேள்வியே, "நீங்க என்ன கூட்டமுங்க?" கூட்டம் என்றால் குலம்; அப்பனின் கூட்டம்தான் பிள்ளைக்கும். ஒரே கூட்டம் என்றால் பங்காளி — கட்டக் கூடாது. வேறு கூட்டமா? தாராளமாகப் பந்தல் போடலாம்.

ஆடுகளுக்கும் கூட்டம் பிரித்தேன். கொம்பன் கூட்டம், புள்ளிக் கூட்டம்... காலண்டர் அட்டையின் பின்பக்கம் முழுக்க ஆட்டு வம்சம்.

போன வாரம் பட்டிக்குள் ஓநாய் புகுந்தது. மிஞ்சியது இரண்டே உருப்படி. புள்ளியம்மா என்ற பெட்டை, சொக்கன் என்ற கடா. பனிக்காலம் வேறு தொடங்கிவிட்டது. அட்டையைப் பார்த்தேன். அவள் புள்ளிக் கூட்டம், இவன் கொம்பன் கூட்டம். பொருத்தமோ பொருத்தம்! ஒரே பட்டியில் அடைத்தேன். புள்ளியம்மா சினையானாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி சரசு, அட்டையை வாங்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தச் சொக்கன் ஆரு பெத்ததுங்க?"

"புள்ளியம்மா."

"அப்ப அவனுக்கு அவளையே கட்டி வெச்சுப்போட்டீங்களா?"

"கூட்டம் வேற வேறதான அம்மணி..."

"உங்களுக்கும் உங்கம்மாளுக்குங்கூட வேற கூட்டந்தானுங்க! இதைய வெளிய சொல்லிப்போடாதீங்க. ஒருத்தரும் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க."

அம்மா பிள்ளைக்குக் கூட்டத்தைத் தருவதில்லை; ரத்தத்தைத் தருகிறாள். என் அட்டையில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை. ஊரில் மட்டும் எவன் போட்டான்?

குட்டி தேறாவிட்டால் பால் இல்லை. ஆறு பேர் கதையும் முடிந்தது. பார்க்கத் தைரியமில்லாமல் மௌஸை சரசு கையில் கொடுத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். ஆக நண்பர்களே, சம்பந்தம் என்பது...

"ஏனுங்க! ஓடியாங்க! குட்டி போட்டுருச்சு... எந்திரிச்சு நிக்குதுங்க!"

"வாரேன் அம்மணி!"

"வெரசா வாங்க, பேரு எழுதோணும். இது சொக்கனுக்கு மகனுங்களா... தம்பிங்களா?"